செப்பேடு இல்லாதவர்களின் காடு

மைசூர் அக்ரஹாரத்தில் ஒரு நாட்டு மருந்துக் கடையில் என் அப்பா கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். கன்னடத்தில் அதற்குக் கிரந்திகே அங்கடி என்று பேர். வீட்டில் தமிழ் பேசினாலும் நாங்களும் அப்படித்தான் சொல்வோம். கடைப் பேரேட்டில் 'காட்டுச் சரக்கு' என்று ஒரு தலைப்பு உண்டு. அதன் கீழே சீயக்காய், பூந்திக்கொட்டை, கடுக்காய், நெல்லிமுள்ளி, கல்பாசி, மலைத்தேன், தேன்மெழுகு. எதிரே எடை, விலை, வந்த வழி. வழி என்பது பெரும்பாலும் சாமராஜநகர், இல்லாவிட்டால் யளந்தூர். மண்டிக்காரர் பெயர் இருக்கும், வண்டிக்கூலி இருக்கும், மூட்டை இறக்கியவருக்குக் கொடுத்த சில்லறைகூட இருக்கும். பறித்தவர் பெயர் மட்டும் எந்தப் பக்கத்திலும் கிடையாது. ஏன் என்று அப்பாவிடம் கேட்டதுண்டு. "காட்டுல இருக்கறவா பறிக்கறா. அவாளுக்கும் நமக்கும் நேர் கணக்கு ஏது?" என்பார். கணக்கப்பிள்ளையின் பதில் அது. பொய்யில்லை.

எழுத்துக்கு என்ன பலம் என்பது அக்ரஹாரத்துக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அரசன் நிலம் கொடுப்பான். செப்பேட்டில் கிழக்கே இந்த ஏரி, மேற்கே அந்தப் புளியமரம் என்று எல்லை வெட்டுவான். இதைப் பறிப்பவன் இன்ன நரகத்துக்குப் போவான் என்று கடைசியில் ஒரு சாபமும் இருக்கும். மைசூர் சமஸ்தானத்துக் கல்வெட்டுகளையும் செப்பேடுகளையும் பி.எல். ரைஸ் தொகுதி தொகுதியாக அச்சிட்டார். அவற்றைப் புரட்டினால் பாதி இந்த மாதிரி தானங்கள்தான். 1905-ல் இதே ஊரின் கீழ்த்திசை நூலகத்துக்குத் தஞ்சாவூர்ப் பண்டிதர் ஒருவர் கொண்டுவந்து கொடுத்த ஓலைக்கட்டில்தான் ருத்ரபட்டணம் சாமசாஸ்திரி அர்த்தசாஸ்திரத்தைக் கண்டெடுத்தார். 1909-ல் அச்சானது. காட்டுப் பொருள்களுக்கென்று தனி அதிகாரி இருக்க வேண்டும், அவன் என்னென்ன சேகரிக்க வேண்டும் என்று அதில் ஓர் அத்தியாயமே உண்டு. ஓலையில் இருந்ததால் அது சாஸ்திரம். சீயக்காய் எந்த மாதத்தில் முற்றும், எந்தக் கிளையை விட்டுப் பறிக்க வேண்டும் என்று தெரிந்தவரிடம் ஓலை இல்லை. அதனால் அவருடைய அறிவு வெகு காலம் எந்தக் கணக்கிலும் சேரவில்லை.

அந்த ஆட்கள் சோளகர்கள். கர்நாடகத்தில் சோலிகர் என்பார்கள். தமிழ் வாசகர்களுக்கு ச. பாலமுருகனின் 'சோளகர் தொட்டி' நாவல் வழியாகத் தெரிந்த அதே மக்கள். தாளவாடி, ஆசனூர், திம்பம் பக்கத்தில் இருப்பவர்களும் பிளிகிரிரங்கன் மலையில் இருப்பவர்களும் ஒரே ரத்தம். நடுவில் மாநில எல்லை வந்துவிட்டது. 1956 வரை கொள்ளேகாலமே சென்னை மாகாணத்தில், கோயமுத்தூர் மாவட்டத்தில் இருந்தது. பிளிகிரி மலை 1997-ல் சாமராஜநகர் மாவட்டம் பிரியும்வரை எங்கள் மைசூர் மாவட்டம். எங்கள் தெருவில் இன்றும் வயதானவர்கள் அதை 'நம்ம பிளிகிரி' என்றுதான் சொல்கிறார்கள். மலை உச்சியில் வெள்ளைப் பாறை விளிம்பில் ரங்கநாதர். வைஷ்ணவக் குடும்பங்களுக்கு அவர் பெருமாள். சோளகர்களுக்கு அவர் மாப்பிள்ளை: தங்கள் பெண் குசுமாலையைக் கட்டிக்கொண்டவர் என்பதால் 'ரங்க பாவ' என்று உறவுமுறை வைத்துக் கூப்பிடுகிறார்கள். பெருமாளை அத்திம்பேர் என்று அழைக்கும் துணிச்சல் எங்கள் அக்ரஹாரத்தில் யாருக்கும் வந்ததில்லை.

மேற்குத் தொடர்ச்சி மலையும் கிழக்குத் தொடர்ச்சி மலையும் கைகோத்துக்கொள்ளும் இடம் அது. அடிவாரத்தில் முட்காடு, ஏற ஏற இலையுதிர்காடு, மேலே சோலையும் புல்வெளியும். வெளியார் பார்வைக்கு ஒரே காடு. சோளகர்களோ அதைத் தங்கள் குலங்களுக்குள் 'எல்லெ'களாகப் பிரித்து வைத்திருந்தார்கள். ஒவ்வொரு எல்லெயிலும் ஒரு தேவரு, ஒரு மாரம்மா, ஒரு வீரு, இறந்தவர்களுக்குக் கல் நாட்டிய ஒரு கல்லுகுடி, ஓர் அப்பி அதாவது நீரூற்று. தெய்வமும் பேயும் முன்னோரும் தண்ணீரும் இருக்கும் இடங்கள் இவை. எந்தக் குலம் எந்த இடத்துக்குப் பூசை செய்யும், எந்த ஊற்றில் யார் தண்ணீர் எடுப்பார்கள் என்பதெல்லாம் முடிவாகியிருந்தது. கிழக்கே ஏரி, மேற்கே புளியமரம் என்ற அளவுக்குத் துல்லியமான எல்லைதான். வெட்டி வைக்கச் செம்புதான் இல்லை.

எழுதத் தெரிந்தவர்கள் அங்கே போகாமல் இல்லை. திப்பு வீழ்ந்த மறு வருஷமே மைசூர் நாட்டைச் சுற்றிய பிரான்சிஸ் புக்கனன் இவர்களைக் குறிப்பிடுகிறார். 1870-களில் சாமராஜநகர் பக்கம் யானை பிடிக்கக் கெட்டா அமைத்த ஜி.பி. சாண்டர்சன், இந்த மலைக்காரர்களின் மோப்பத்தையும் தடம் பார்க்கும் திறமையையும் நம்பியே காட்டுக்குள் இறங்கினார். எட்கர் தர்ஸ்டனின் தொகுதிகளிலும் ஒரு பதிவு உண்டு. மலையில் காப்பித் தோட்டம் போட்ட மாரிஸ் குடும்பத்தில் ஆர்.சி. மாரிஸ் வேட்டைக்காரராகவும் இயற்கையாளராகவும் பெயர் வாங்கினார். இவர்கள் எல்லாருடைய எழுத்திலும் சோளகர் ஒரு தடம் காட்டி, ஒரு சுமைக்காரர், ஒரு விநோதம். காட்டைப் பற்றி அவருக்கு ஒரு கருத்து இருக்கலாம் என்று யாரும் கேட்டு எழுதவில்லை.

காட்டைக் கொளுத்துகிறவர்கள் என்ற கெட்ட பெயரை மட்டும் நன்றாகவே எழுதி வைத்தார்கள். சோளகர்கள் காட்டில் சிறிது இடம் திருத்தி ராகி, அவரை, பூசணி, கடுகு போட்டு, சில வருஷத்தில் அதை விட்டுவிட்டு நகர்வார்கள். அதோடு, தை மாசி வாக்கில், சருகு காய்ந்தும் காயாமலும் இருக்கும்போது தரைத்தீ வைப்பார்கள். அதற்குத் தரகு பெங்கி என்று பேர். தரகு என்றால் சருகு. முழங்காலுக்குமேல் எழாத தீ. சருகு எரியும், உண்ணிப்பூச்சி சாகும், அடுத்த மழைக்குப் புல் தளிர்க்கும், மானும் காட்டெருமையும் அங்கே வரும். நடக்கிறவர்களுக்கு யானை தூரத்திலேயே கண்ணில் படும். பங்குனி வெயிலில் மூளும் தீ வேறு ஜாதி. அது மரத்தைக் கொல்லும். அந்த இரண்டுக்கும் வித்தியாசம் தெரிந்தவர்கள் இவர்கள். சட்டத்துக்கோ தீ என்றால் தீதான்.

1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1974-ல் பிளிகிரிரங்கசுவாமி கோயில் வனவிலங்குச் சரணாலயம் அறிவிப்பானது. 1987-ல் அது 540 சதுர கிலோமீட்டராக விரிந்தது. வேட்டை நின்றது. மாறு விவசாயம் நின்றது. தரகு பெங்கி நின்றது. உள்காட்டில் சிதறியிருந்த போடுகள், அதாவது அவர்களுடைய குடியிருப்புகள், சாலையோரம் கொண்டுவரப்பட்டன. வேட்டையை நிறுத்தியது சரிதான் என்பது என் அபிப்பிராயம். துப்பாக்கியோடு வந்த தோட்டக்காரர்களும் அதிகாரிகளும் ராஜாவின் விருந்தாளிகளும் அடித்து முடித்ததற்குக் கடைசியில் வில்லும் கண்ணியும் வைத்திருந்தவன் தண்டனை பெற்றான் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். தீயை நிறுத்தியதுதான் விஷயம்.

உண்ணிச்செடி என்ற லாண்டானா தென் அமெரிக்கப் பக்கத்துச் செடி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெள்ளைக்காரர்கள் தோட்ட அழகுக்காக இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். பிளிகிரியில் அது முன்பே இருந்தாலும் ஓரமாக இருந்தது. தீ நின்று ஒரு தலைமுறைக்குள் அது காட்டின் தரையை எடுத்துக்கொண்டது. அட்ரீ என்ற ஆய்வு நிறுவனத்தினர் 1997-லும் 2008-லும் அதே இடங்களில் அளந்து பார்த்தபோது, உண்ணி பிடித்த இடங்கள் ஏறக்குறைய இரண்டு மடங்காகியிருந்தன. ஆளுயரத்துக்குப் பின்னிக்கொண்டு கிடக்கும் அந்தப் புதரில் நெல்லிக் கன்று எழும்பாது, புல் முளைக்காது, எதிரே யானை நின்றாலும் தெரியாது.

இங்கே விஞ்ஞானத்துக்குள்ளேயே ஒரு வழக்கு நடந்தது. 2005-ல் அங்கிலா ஹிரேமத்தும் பரத் சுந்தரமும் ஒரு கருதுகோள் வைத்தார்கள்: தீயும் உண்ணியும் ஒன்றையொன்று வளர்க்கின்றன, தீ காட்டைத் திறந்துவிடுகிறது, உண்ணி நுழைகிறது, உண்ணி காய்ந்து அடுத்த தீயைப் பெரிதாக்குகிறது. படிக்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் போடுகளில் இருந்த பெரியவர்கள் தலைகீழாகச் சொன்னார்கள். நாங்கள் வருஷா வருஷம் தீ வைத்தவரை உண்ணி ஏறவில்லை, நீங்கள் நிறுத்தினீர்கள், ஏறிவிட்டது என்றார்கள். அதே ஆய்வாளர்கள் அந்தப் பேச்சைத் தள்ளிவிடவில்லை. சோளகர்களின் நினைவை முறையாகக் கேட்டுத் தொகுத்து, உண்ணியின் வரலாற்றை அவர்கள் வாய்மொழியாகவே 2012-ல் ஆய்விதழில் வெளியிட்டார்கள். இளம் செடியை முன்பருவத்துச் சிறு தீ கொல்லும். முதிர்ந்த புதரில் கோடைத் தீ விழுந்தால் ஆபத்து. அதாவது எந்தத் தீ, எந்த மாதம், யார் கையில் என்பதே கேள்வி. தீ வேண்டுமா வேண்டாமா என்ற கேள்விக்கு முன்னால் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

இந்த மாதிரி உரையாடல் நடக்க ஓர் இடம் வேண்டியிருந்தது. அதை முதலில் உண்டாக்கியவர் டாக்டர் எச். சுதர்சன். மருத்துவம் பார்க்க மலைக்குப் போனவர், 1981-ல் விவேகானந்த கிரிஜன கல்யாண கேந்திரத்தைத் தொடங்கினார். பின்னால் பள்ளிக்கூடமும் வந்தது. 1994-ல் அவருக்கு ரைட் லைவ்லிஹுட் விருது கிடைத்தது. 1990-களில் கமல்ஜித் பாவா போன்ற சூழலியலாளர்கள் அங்கே வந்து வனப் பொருள் சேகரிப்பு காட்டைக் கெடுக்கிறதா, சோளகர் வீட்டு வருமானத்தில் அதன் பங்கு என்ன என்று அளக்கத் தொடங்கினார்கள். வருமானத்தில் பாதிக்குமேல் அதிலிருந்தே வந்தது. 1996-ல் அட்ரீ பிறந்தது.

அந்தப் பள்ளியில் படித்த சோளகப் பிள்ளைகளில் ஒருவர் சி. மாதேகௌடா. காட்டில் வளர்ந்து, சமூகப் பணி படித்து, அட்ரீயில் ஆய்வாளராகி, தம் சமூகத்தில் முதல் முனைவர் பட்டம் பெற்றவர் என்று அறியப்படுகிறவர். சோளகர் சங்கத்தின் முன்னணியிலும் இருந்தார். புக்கனனுக்கும் சாண்டர்சனுக்கும் வழி காட்டிய சமூகத்திலிருந்து, அந்த வழியை எழுத ஒருவர் வந்தார் என்பதுதான் இதில் புதிது. 2009 மே மாதத்தில் 'எகனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லி'யில் பாரம்பரிய அறிவும் பாதுகாப்பும் பற்றி அவர் பெயரில் ஒரு கட்டுரை வந்தது. தீ, சேகரிப்பு, வழிபாடு ஆகியவை பற்றிய சோளகர் அறிவைத் தள்ளி வைத்துவிட்டுக் காட்டைக் காப்பதாகச் சொல்வது பலிக்காது என்பது அதன் சாரம். எங்கள் சாஸ்திரிக்கு ஓலைக்கட்டு கிடைத்தது. மாதேகௌடாவுக்குத் தம் பெரியவர்களே ஓலைக்கட்டு.

நெல்லியை எடுத்துக்கொள்ளுங்கள். என் அப்பாவின் பேரேட்டில் நெல்லிமுள்ளிக்கு எப்போதும் நல்ல விலை. மைசூர் ஆயுர்வேதக் கல்லூரிப் பக்கத்திலிருந்து வரும் வைத்தியர்கள் ஒவ்வொரு கொட்டையாகப் பார்த்து வாங்குவார்கள். மலையில் அந்த மரங்களில் கொத்துக் கொத்தாகப் புல்லுருவி பிடிக்கிறது. சோளகர்கள் உப்பிலு என்கிறார்கள். அது சத்தை உறிஞ்சி மரத்தைக் கொல்லும். பழம் குறைந்தபோது, பறிக்கிறவர்கள் அளவுக்குமேல் பறிப்பதால்தான் என்று சந்தேகப்படுவது வழக்கம். பறிக்கிறவர்கள் உப்பிலுவைக் காட்டினார்கள். முன்பு தரகு பெங்கியின் சூட்டிலும் புகையிலும் அது குறையும், இப்போது தடுப்பார் இல்லை, பறிக்கப் போகும்போது உப்பிலு பிடித்த கிளையை நாங்கள் வெட்டிவிடுவோம் என்றார்கள். லூசி ரிஸ்டும் சகாக்களும் இதை ஆராய்ந்து 2010-ல் வெளியிட்ட கட்டுரை, உள்ளூர் அறிவு வன நிர்வாகத்துக்கு எப்படிப் பயன்படும் என்பதற்கு உதாரணமாக இன்று உலகமெங்கும் மேற்கோளாகிறது. அதற்கு இரண்டு வருஷம் முன்பே, சித்தப்பா ஷெட்டி, பாவா, திக்டின் ஆகியோரோடு மாதேகௌடாவும் சேர்ந்து எழுதிய கட்டுரை ஒன்று உண்டு. இந்த வருஷம் எவ்வளவு காய்க்கும், எவ்வளவு பறிக்கலாம், எவ்வளவு விட வேண்டும் என்று சேகரிக்கிறவர்களே கணிக்கும் முறையைச் சோதித்துப் பார்த்தது அது. மரத்தடியில் நின்று ஒரு பெரியவர் சொல்லும் மதிப்பும் ஆய்வாளர் எண்ணி எடுத்த கணக்கும் ஒத்துப் போயின. எனக்கு இதில் ஆச்சரியமில்லை. மூட்டையைக் கையால் தூக்கிப் பார்த்தே எடை சொல்லும் ஆட்கள் எங்கள் கடையிலும் இருந்தார்கள்.

தேன் இன்னொரு சாஸ்திரம். உயர்ந்த மரத்திலும் பாறையிலும் கட்டும் பெரிய ஹெஜ்ஜேனு, பொந்தில் கட்டும் துடுவெ, குச்சியில் கட்டும் கட்டிஜேனு, கொட்டாத சிறு தேனீ என்று தனித்தனியாக அவர்களுக்குத் தெரியும். இரவில் மூங்கில் ஏணி கட்டி, புகை போட்டு, அடையில் தேன் உள்ள பாகத்தை அறுத்துவிட்டு முட்டைப் பாகத்தை விடுவார்கள்.

இதற்கெல்லாம் நடுவில் சட்டம் மறுபடியும் கதவை அடைத்தது. வனவிலங்குச் சட்டத்தின் 2002 திருத்தத்தைக் காட்டி, சரணாலயத்திலிருந்து விற்பனைக்கு எதையும் எடுக்கக் கூடாது என்றார்கள். பிளிகிரியில் 2004 முதல் அது அமலுக்கு வரத் தொடங்கியது. அதுவரை லாம்ப்ஸ் எனப்படும் பழங்குடிக் கூட்டுறவுச் சங்கங்கள் வாங்கி விற்றுவந்த நெல்லியும் தேனும் கல்பாசியும் நின்றன. மண்டிக்குச் சரக்கு வேறு மலையிலிருந்து வந்துவிடும். நகரத்தில் யாருக்கும் எதுவும் குறையவில்லை. சோளகர்கள் கூலிக்குப் போனார்கள், காப்பித் தோட்டத்துக்கும் குடகுக்கும்.

2006-ல் நிறைவேறிய வன உரிமைச் சட்டம் 2007 டிசம்பர் 31-ல் அமலுக்கு வந்தது. உரிமை கேட்க ஆதாரம் வேண்டும். செப்பேடு இல்லாதவர்களிடம் சட்டம் கேட்கும் முதல் கேள்வி அது. அப்போது கைகொடுத்தது முன்பே தொடங்கியிருந்த ஒரு வேலை. அட்ரீயின் நிதின் ராய், சுஷ்மிதா மண்டல், மாதேகௌடா ஆகியோர் பெரியவர்களோடு காட்டில் நடந்து, ஒவ்வொரு தேவரையும் மாரம்மாவையும் வீருவையும் கல்லுகுடியையும் அப்பியையும் ஜிபிஎஸ் கருவியால் குறித்துக்கொண்டு வந்தார்கள். நூற்றுக்கணக்கான இடங்கள். வனத்துறை வரைபடத்தில் வெறும் பச்சையாகக் கிடந்த இடமெல்லாம் பெயர்களாக நிறைந்தது. தெய்வத்தின் இருப்பிடத்துக்கு அட்சரேகை தீர்க்கரேகை எழுதுவது எங்கள் ஆகமத்தில் இல்லாத காரியம். ஆனாலும் உரிமை கேட்டு அலுவலகத்துக்குப் போகிறவனுக்கு அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

2011 ஜனவரியில் சரணாலயம் புலிகள் காப்பகம் என்று அறிவிக்கப்பட்டது. போடுகளில் எதிர்ப்பு கிளம்பியது. மறுபடி வெளியேற்றுவார்களோ என்ற பயம். அதே வருஷம் அக்டோபர் 2-ம் தேதி 25 கிராமசபைகளுக்குச் சமூக வன உரிமைப் பட்டயம் வழங்கப்பட்டது. காப்பகத்தின் பாதிக்கும் மேற்பட்ட பரப்பில் வனப் பொருள் சேகரிக்க, விற்க, வழிபட, காட்டை நிர்வகிக்கவும் பாதுகாக்கவும் உரிமை. இந்தியாவில் ஒரு புலிகள் காப்பகத்துக்குள் இப்படி உரிமை ஏற்கப்பட்டது அதுவே முதல் முறை. எங்கள் அக்ரஹாரத்துக்கு ஏதோ ஒரு ராஜா எப்போதோ கொடுத்தது போல் இது தானமில்லை. இருந்ததை இருந்தது என்று அரசாங்கம் எழுதிக் கொடுத்தது.

மரியாதைகளும் வரத் தொடங்கின. 2023-ல் பிளிகிரி மலையில் கண்டெடுத்த ஒரு புதிய குளவிப் பேரினத்துக்கு அட்ரீ ஆய்வாளர்கள் 'சோலிகா' என்று பெயர் வைத்தார்கள். பேரேட்டில் இல்லாத பெயர் பூச்சியியலில் ஏறிவிட்டது, சந்தோஷம்தான்.

ஆனால் தீ இன்னும் குற்றம்தான். சேகரிக்கும் உரிமை பட்டயத்தில் இருக்கிறது, நிர்வகிக்கும் உரிமையும் இருக்கிறது. தை மாதத்தில் ஒரு பெரியவர் தரகு பெங்கி வைத்தால் அவர்மேல் வழக்குப் பதிவாகும். உண்ணியை வெட்டிக் கூடையும் நாற்காலியும் பின்னக் கற்றுக்கொடுக்கிறோம் என்று ஒரு பக்கம் பெருமையாகப் பேசுகிறார்கள். நல்ல வேலை, மாதேசுவரன் மலைப் பக்கம் பல குடும்பங்கள் அதில் பிழைக்கின்றன. நாற்காலி செய்து காட்டைத் திருப்ப முடியாது.

கேட்கிற விஷயம் பெரிதில்லை. நான்கைந்து எல்லெகளில், முதலில் உண்ணியை வெட்டி அகற்றிவிட்டு, கிராமசபை சொல்லும் மாதத்தில், அவர்கள் கையால் சிறு தீ வைக்கட்டும். பக்கத்திலேயே தீ வைக்காத இடத்தையும் குறித்து, பத்து வருஷம் புல்லையும் நெல்லிக் கன்றையும் உப்பிலுவையும் இரு தரப்பும் சேர்ந்து அளக்கட்டும். ஆஸ்திரேலியாவின் வடக்கில் பழங்குடிகளின் முன்பருவத் தீயை அரசாங்கமே பணம் கொடுத்து நடத்துகிறது. இங்கே அளக்கத் தெரிந்த சோளகர்களும் இருக்கிறார்கள், அவர்களோடு நடந்து பழகிய ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். கர்நாடக வனத்துறை எழுத்தில் ஓர் அனுமதி கொடுத்தால் போதும்.